இடைவேளை வரவு

எங்கள் ஊரில் இடைவேளை என்றால் பசி.
முதல் பாதி முடிந்ததும்
மரப்படிகள் தடதடக்க இறங்கி வந்து
என் தகரக் கடையை மொய்த்துக்கொள்ளும்
நெப்ராஸ்காவின் இந்தத் துண்டு முழுவதும்.
நாச்சோஸ், சூடான சாக்லேட், பாப்கார்ன்.
அந்நேரம் மைதானத்தில்
ஏழு பேர் எதையோ வாசித்துக்கொண்டிருப்பார்கள்.

ஏழு என்பதே தாராளக் கணக்கு.
ஸ்லாடெக் வீட்டுப் பையன் ட்ரம்பெட்டை
உதட்டில் வைத்திருப்பான், ஊதமாட்டான்.
டியூபாவுக்குள் எலி குட்டி போட்டிருந்தது.
இரண்டு கிளாரினெட்டுகள் குளிரில்
எண்ணெய் காணாத கீல் மாதிரி அழும்.
வரிசையில் நிற்பவர்கள் திரும்பமாட்டார்கள்.
நானும்தான். சில்லறை எண்ண வேண்டும்.

அந்தச் சில்லறைதான் அவர்கள் பணம்.
மூடியில் 'பேண்ட் நிதி' என்று எழுதிய பிஸ்கட் டப்பா,
கோடு போட்ட நோட்டு. பொருளாளர் நான்.
பகலில் டிராக்டர் உதிரிபாகம் விற்பதால்
கணக்கு வருமென்று நம்பிவிட்டார்கள்.
முதல் வருடம்
ஓர் இடைவேளைக்கு நானூற்றுப் பன்னிரண்டு டாலர்.
ரீடு வாங்கினோம், மேளத்தோல் மாற்றினோம்,
எலிகளை வெளியேற்றி டியூபாவுக்கு எண்ணெய் போட்டோம்.
ஊத ஆளில்லை.

ந்யாகிம் அடுத்த ஆகஸ்டில் வந்தாள்.
அவள் அம்மாவுக்கு இறைச்சி ஆலையில் இரவு ஷிப்ட்.
கழற்றிப்போட்ட டயரைத் தூக்குவதுபோல்
டியூபாவைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டாள்.
செப்டம்பர் முழுக்க மூன்றே சுரம்.
ஆனால் அந்த மூன்றும் புல்வெளி தாண்டி வந்து
என் கவுன்ட்டரில் கரண்டிகளை நடுக்கின.
கெட்சப்புக்குக் கை நீட்டிய ஒருவர்
"என்ன அது?" என்று திரும்பினார்.
திரும்பியவர் திரும்பியபடியே நின்றார்.
அன்று முந்நூற்று அறுபது.

ஹஸ்மான் டீச்சர் ஆலையின் ஷிப்ட் அட்டவணையைச்
சுவரில் ஒட்டி, ஒத்திகையை அதற்குத் தோதாக வெட்டினாள்.
தம்பியை எழுப்பி, சோறு கட்டிவிட்டு வரும் பிள்ளைகளுக்கு
ஆறே முக்கால்.
ஏ டோ தன் அண்ணனோடு மேளத்துக்கு வந்தான்.
இக்செல் ஃபுளூட்டுக்கு வந்தாள், பின்னால் நான்கு தோழிகள்.
கால்பந்து அணியின் ஒரு தடியன்
தோள்கவசத்தைக்கூடக் கழற்றாமல்
இடைவேளையில் ட்ராம்போனுக்கு ஓடினான்.
கோச் தொப்பியைத் தரையில் அடித்தார்.
எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

முப்பத்தோரு பேர்: இருநூற்று எழுபது.
நாற்பத்தெட்டு பேர்: நூற்று ஐம்பத்து நான்கு.

பெற்றோர் கூட்டத்தில் தலைவர் கண்ணாடியை இறக்கினார்.
"கடையில் யாராவது கை வைக்கிறார்களா?"
இல்லை என்றேன்.
பிள்ளைகள் நன்றாக வாசிக்கிறார்கள், அதுதான்.
யாரும் பேசவில்லை.
புது சூஸாஃபோனின் விலைப்பட்டியல் மேசையில் கிடந்தது,
ஒரு பழைய பிக்கப் வண்டியின் விலை.
கடைசி வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார்,
"ஒரே ஒரு வெள்ளிக்கிழமை
கொஞ்சம் மோசமாக வாசிக்கச் சொல்ல முடியாதா?"
சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

போன அக்டோபர். கடைசி உள்ளூர் ஆட்டம்.
நாங்கள் இருபத்தெட்டுப் புள்ளி பின்தங்கியிருந்தோம்,
வழக்கம்போல.
அறுபத்தாறு பேர் நடந்து வந்து நின்றார்கள்.
மேளங்கள் ஓய்ந்தன.
ந்யாகிம் மட்டும், ஒற்றை நீள சுரம்,
அவ்வளவு மெதுவாக டியூபாவை ஊத முடியும் என்று
எனக்கு யாரும் சொன்னதில்லை.
அந்த நிசப்தத்தில்
என் பாப்கார்ன் இயந்திரம் படபடவென்று வெடித்தது.
மொத்தப் படிக்கட்டும் என்னைத் திரும்பிப் பார்த்தது.
பிளக்கைப் பிடுங்கினேன்.
உள்ளே ஒரு சோளம், பிறகு இன்னொன்று,
பிறகு அதுவும் அடங்கியது.

ஜன்னலில் ஒரு பையன் நின்றிருந்தான்,
ஐந்து டாலரைக் கவுன்ட்டரில் வைத்து,
முதுகை என் பக்கம் காட்டியபடி.
அவன் எதுவும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

இரவு நோட்டில் எழுதினேன்:
இடைவேளை வரவு, பதினொரு டாலர்.
அதில் ஐந்து அந்தப் பையனுடையது,
மறந்துவிட்டுப் போனான்.
திருப்பித் தரவேண்டும்.